விதை காயக் கூடாது, வேர் ஊறக் கூடாது

பழத்தைத் தின்றுவிட்டு விதையைக் கொல்லையில் எறிந்தால் தானாக முளைக்கும் ஊர் அந்தமானின் பெரார்கஞ்ச். அப்படியிருக்க வீட்டுக்குள் வைத்து எதற்கு வளர்ப்பது என்று கேட்கலாம். முளைப்பதென்னவோ நிஜம்தான். முளைத்ததில் எத்தனை அடுத்த தை மாதத்தைப் பார்க்கின்றன? ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, சென்னையைப் போல இரண்டு மடங்கு. மே மூன்றாம் வாரம் பிடித்தால் டிசம்பர் வரை ஈரம் விடாது. விட்ட பிறகு ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை குடத்தை எண்ணிச் செலவழிக்கும் வறட்சி. இந்த இரண்டுக்கும் தப்பினதை நத்தையும் மானும் பார்த்துக்கொள்ளும். அதனால் முதல் ஒன்றிரண்டு வருடம் வராந்தாவும் ஜன்னலோரமும் கன்றுக்குத் தொட்டிலாக இருக்கட்டும். காய்ப்பதெல்லாம் பிறகு வெளியில்தான். எலுமிச்சை மாதிரி ஒன்றிரண்டு மட்டும் தொட்டியிலேயே காய்க்கும்.

குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லும் முறைகளை அப்படியே இங்கே செய்ய வேண்டாம். விதையை உலர்த்து, ஃப்ரிட்ஜில் வை, பிளாஸ்டிக் மூடி போடு, அடியில் சூடு கொடு என்பார்கள். அந்த நாலுமே நம் தீவில் கன்றைக் கொல்லும் வேலை.

1. விதையை உலர்த்தாதீர்கள். கத்திரி, மிளகாய், பூசணி விதையை முறத்தில் காயவைத்துப் பழகிய கை மங்குஸ்தான் விதையையும் அதே முறத்தில் பரப்பிவிடும். மா, பலா, ரம்புத்தான், மங்குஸ்தான் எல்லாம் உள்ஈரம் குறைந்தால் உயிரை விடும் விதைகள். ஃப்ரிட்ஜின் குளிரும் அவற்றுக்கு ஆகாது. ரம்புத்தானும் மங்குஸ்தானும் தின்ற அன்றோ மறுநாளோ மண்ணுக்குப் போய்விட வேண்டும். மாங்கொட்டைக்கு ஒரு வாரம் தவணை உண்டு. பலாக்கொட்டை ஈரமாக வைத்திருந்தால் ஒரு மாதம் வரைகூடத் தாங்கும். பப்பாளி, கொய்யா விதைகளைத்தான் நிழலில் உலர்த்தி எடுத்துவைக்கலாம்.

2. சென்னையிலிருந்து கப்பலில் வந்தால் மூன்று நாள் ஆகும். ஊரில் ருசித்த பழத்தின் விதை வேண்டுமென்றால் பழமாகவே கொண்டுவாருங்கள். தோலுக்குள் இருக்கும்வரை விதைக்குப் பயமில்லை. பழம் கனிந்துவிடும் என்றால் விதையைக் கழுவி, ஈரமான தேங்காய் நார்த்தூளில் பொதிந்து, மூடியில் ஊசித்துளை போட்ட டப்பாவில் வையுங்கள். நார்த்தூளைப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது, அதுதான் பதம். மண்ணோடு கன்று எடுத்துவர வேண்டாம். அந்த மண்ணில் நூற்புழுவும் மாவுப்பூச்சியும் சேர்ந்து கப்பலேறும்.

3. சதை ஒட்டியிருந்தால் எறும்பு வரும், பின்னாலேயே பூஞ்சணம் வரும். ரம்புத்தான் விதையில் சதை விடாமல் பிடித்திருக்கும். கொஞ்சம் மணலோடு சேர்த்துக் கசக்கினால் கழன்றுவிடும். பப்பாளி விதையைச் சுற்றி வழவழவென்று ஒரு பை இருக்கிறதே, அது இருக்கும்வரை முளைப்பு தாமதமாகும். அடுப்புச் சாம்பலில் புரட்டித் தேய்த்து, கழுவி, நிழலில் ஒரு நாள் ஆறவிடுங்கள்.

4. மண்ணை மழைக்கு முன்பே தயார்செய்துவிடுங்கள். மழைக்காலத்தில் தோண்டும் மண் களியாக இருக்கும். அதில் கிருமியும் அதிகம். பிப்ரவரி, மார்ச் வெயிலில் சலித்த மண்ணை ஈரமாக்கி, மெல்லிய பாலித்தீன் விரிப்பால் இறுக்க மூடி, நாலு முதல் ஆறு வாரம் விட்டால் அந்தச் சூட்டிலேயே பெரும்பாலான பூஞ்சணமும் களைவிதையும் செத்துப்போகும். அப்புறம் இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மக்கிய சாணம், ஒரு பங்கு நார்த்தூள் என்று கலந்து சாக்கில் கட்டி வீட்டுக்குள் வைத்துவிடலாம். நார்த்தூளை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பைப் போக்கிய பிறகே கலக்க வேண்டும். இலகுவாக இருக்கச் சிரட்டைக்கரியை உடைத்துப் போடுங்கள். கடல் மணலைத் தொடவே வேண்டாம். அதன் உப்பும் சிப்பித் தூளும் இளவேருக்கு ஆகாது, கரையில் மணல் அள்ளுவதும் குற்றம்.

5. அகலத்தைவிட ஆழம் முக்கியம். மா, பலா, மங்குஸ்தான் மூன்றும் இலை விடுமுன்பே ஆணிவேரை விறுவிறுவென்று கீழே இறக்கும். தேங்காய்ச் சிரட்டையில் விதைத்தால் அந்த வேர் அடியில் முட்டிச் சுருண்டுகொள்ளும். சுருண்ட வேர் பெரிய மரமான பிறகும் நிமிராது. புயல்காற்றில் முதலில் சாய்வது அந்த மரம்தான். சிரட்டையை எலுமிச்சை, கொய்யா, பாஷன் ஃப்ரூட் விதைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆணிவேர்க்காரர்களுக்கு ஒரு லிட்டர் எண்ணெய் கவரும் சமையலறையில் சேரும் நீளமான பைகளும் போதும், அடியிலும் பக்கத்திலும் துளையிட்டுவிட்டு. அதைவிடச் சிறந்தது மூங்கில். பருத்த மூங்கிலை ஒரு முழ நீளத்துக்கு அறுத்து, கணுவில் துளைபோட்டு, நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து கம்பியால் கட்டி மண் நிரப்புங்கள். கன்றை எடுக்கும் நாளில் கம்பியை அவிழ்த்தால் போதும், வேர்க்கட்டி உடையாது.

6. ஆழமாகப் புதைக்காதீர்கள். விதையின் கனம் எவ்வளவோ அவ்வளவு மண் மேலே இருந்தால் போதும். பலாக்கொட்டையைப் படுக்கவைத்து, தழும்பு கீழே பார்க்க வையுங்கள். மாங்கொட்டைக்கு வளைந்த முதுகு மேலே இருக்கட்டும்.

7. நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று காலையில் தண்டடி நீர்கோத்துச் சாய்ந்து கிடந்தால் அது நாற்றழுகல். மழைக்காலத்தில் நம் வீட்டுக்குள் சாகும் நாற்றுகளில் பெரும்பாலானவை இதில்தான் போகின்றன. காற்றோட்டமில்லாத ஈரம்தான் காரணம். பாத்திரத்தைப் பாலித்தீனால் மூடினால் ஈரம் இன்னும் கட்டிக்கொள்ளும். ஏற்கெனவே காற்றில் 80 சதவீத ஈரம் இருக்கும் ஊர் இது. நாற்றுகளை ஒட்டி ஒட்டி வைக்காமல் கைவிரல் நுழையும் இடைவெளி விடுங்கள். மேல்மண்ணில் கரித்தூளை மெல்லிசாகத் தூவுங்கள். சாணத்தோடு டிரைக்கோடெர்மா கலந்து வைத்தால் நோய்ப் பூஞ்சணத்தை அது அடக்கும். கிலோ சாணத்துக்கு ஒரு தேக்கரண்டி போதும். அழுகின நாற்றை மண்ணோடு சேர்த்து வெளியில் கொட்டிவிடுங்கள், பக்கத்துச் சட்டியில் போடாதீர்கள்.

8. தண்ணீர் ஊற்றுமுன் விரலை மண்ணில் ஒரு கணு நுழைத்துப் பாருங்கள். ஈரம் தட்டினால் சொம்பைக் கீழே வையுங்கள். ஜூலை, ஆகஸ்டில் வராந்தாச் சட்டிக்கு வாரம் ஒரு தடவைகூடத் தேவைப்படாமல் போகும்.

9. தகரக் கூரையின் விளிம்புக்கு நேர் கீழே சட்டியை வைக்கக் கூடாது. அங்கே விழும் தாரை விதையையே தோண்டி வெளியே எறிந்துவிடும். சுவர்ப்பக்கமாக, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், இரண்டு செங்கல் மேல் பலகை போட்டு வையுங்கள். சாரலும் படாது, அடித்துளையும் காற்று வாங்கும்.

10. இந்தியாவுக்கெல்லாம் ஒரே கடிகாரம் என்பதால் நமக்கு மே, ஜூனில் காலை ஐந்துக்கே விடிந்துவிடுகிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்குப் பொழுது சாய்ந்துவிடும். கன்றுக்குச் சாயங்கால வெயில் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். கிழக்கு ஜன்னல்தான் அதற்கு நல்ல இடம். எழுந்ததும் சட்டியை வாசலுக்குக் கொண்டுபோய், காலைச் சமையல் முடிந்த பிறகு உள்ளே எடுத்துவைத்தால் இரண்டு மூன்று மணி நேர இளவெயில் கிடைக்கும். தண்டு நூலாக நீண்டு ஒருபக்கம் சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள்.

11. வராந்தாவுக்கென்றே பிறந்த மரம் எதுவென்று கேட்டால் மங்குஸ்தானைச் சொல்வேன். மற்றக் கன்றுகள் வெயில் இல்லையென்று வெளிறும்போது, இதற்கு முதல் இரண்டு மூன்று வருடம் நிழல்தான் வேண்டும். நேர்வெயிலில் வைத்தால் இலை கருகும். வளர்ச்சியும் ஆமைதான், இரண்டு வருடம் கழித்தும் முழங்கால் உயரத்தைத் தாண்டாமல், நாலைந்து ஜோடித் தடித்த இலையோடு அப்படியே நிற்கும். செத்துவிட்டதோ என்று தோண்டிப் பார்க்காதீர்கள், வேரைச் சீண்டினால் அதோடு சரி.

இதில் இன்னொரு லாபம். மங்குஸ்தான் விதை மகரந்தச் சேர்க்கை இல்லாமல் தாயின் திசுவிலிருந்தே உருவாகிறது. அதனால் தாய்மரத்தின் பழம் எப்படியோ, கன்றின் பழமும் பெரும்பாலும் அப்படியே. கடையில் வாங்கிய நல்ல பழத்தின் விதையை நம்பி நடலாம். ஒரு பழத்தில் ஐந்தாறு சுளை இருந்தாலும் ஒன்றிரண்டில்தான் பருத்த விதை இருக்கும். அதையே எடுங்கள், சப்பை விதையை விட்டுவிடுங்கள். முளைக்க இரண்டு மூன்று வாரம் ஆகும், சிலது இன்னும் தாமதிக்கும். காய்க்க எட்டுப் பத்து வருடம். நீலகிரிச் சரிவில் பர்லியார், கல்லாறு அரசுப் பண்ணைகளில் பழம் தரும் மங்குஸ்தான் மரங்களைத் தமிழ்நாட்டுக்காரர்கள் பார்த்திருப்பார்கள். அந்த ஈரமும் நிழலும் நமக்கு வீட்டு வாசலிலேயே இருக்கிறது. பழத்தோலின் சாறு துணியில் பட்டால் கறை போகாது, விதை எடுக்கும்போது பழைய துணி உடுத்திக்கொள்ளுங்கள்.

12. ரம்புத்தான் ஒன்பதாம் பத்தாம் நாளே முளைத்து ஆசை காட்டும். ஆனால் விதைக்கன்றுகளில் ஏறக்குறையப் பாதி ஆண்மரமாகப் போகும். அது பூக்கும், காய்க்காது. ஆணா பெண்ணா என்று ஐந்தாறு வருடம் கழித்துத்தான் தெரியும். பெண்ணாக வந்தாலும் பழம் புளிக்கலாம். ஆகவே விதைக்கன்றை ஒட்டுக் கட்டும் வேர்ச்செடியாக நினைத்து வளருங்கள். பென்சில் கனம் வந்ததும் நல்ல மரத்தின் மொட்டை அதில் ஒட்டலாம். ஒட்டுக் கட்டத் தெரியாவிட்டால், 1978-ல் தொடங்கிய மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பண்ணை சிப்பிகாட்டில் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள்.

13. மாங்கொட்டையின் ஓட்டை விளிம்போரமாகக் கத்தரித்து உள்ளிருக்கும் பருப்பை மட்டும் விதைத்தால் பத்துப் பதினைந்து நாளில் முளைவிடும். கத்தி பருப்பில் பட வேண்டாம். ஓட்டைப் பிரிக்கும்போது உள்ளே வண்டு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும், அதுவே பெரிய உபகாரம். ஒரு கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளை கிளம்பினால் சந்தோஷப்படுங்கள். அது பல கரு உள்ள ஜாதி. கேரளத்து ஒளூர், குருக்கன் போல. அதில் வீரியமான முளைகள் பெரும்பாலும் தாய்மரத்தின் வாரிசு, அவற்றில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அல்போன்சா, பங்கனப்பள்ளி, இமாம்பசந்து ஒற்றை முளைதான் விடும். அதில் என்ன பழம் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. நர்சரியில் ஒட்டுக்கன்றாக வாங்குவதே புத்திசாலித்தனம்.

14. எலுமிச்சைதான் சட்டியிலேயே காய்ப்பதில் நம்பகமானது. விதையின் வெளித்தோலை நகத்தால் உரித்துவிட்டு விதைத்தால் சீக்கிரம் முளைக்கும். இதிலும் ஒரு விதையில் பல முளை வரும், பெரியதை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். காய்க்க நாலைந்து வருடம். பம்பளிமாசுக்கு ஒற்றை முளைதான், அது தாயைப் போல இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

எலுமிச்சைத் தளிரில் காக்கை எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டுப் போகாமல் குனிந்து பாருங்கள். அது கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியின் இளம் புழு. நாலே நாளில் பச்சையாகிக் கன்றை மொட்டையடித்துவிடும். நம் ஊருக்குப் பெயர் தந்த ஃபெரார், 1923 முதல் 1931 வரை இந்தத் தீவுகளின் தலைமை ஆணையராக இருந்தவர், பட்டாம்பூச்சி சேகரிப்பதில் பித்துக்கொண்டவர். அவர் பெயரிலுள்ள ஊரில் புழுவை நசுக்க மனமில்லாதவர்கள் அதை எடுத்து வளர்ந்த கறிவேப்பிலை மரத்தில் விட்டுவிடலாம். அந்த மரம் தாங்கிக்கொள்ளும்.

15. பப்பாளியை ஒரு சட்டிக்கு மூன்று நாலு விதையாகப் போட்டு, ஒரு சாண் வளர்ந்ததும் வெளியில் நட்டுவிடுங்கள். வீட்டுக்குள் நீளவிட்டால் பிறகு காற்றுக்கு ஒடியும். நாட்டு ரகத்தில் ஆண், பெண் தனித்தனி. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 3, கோ 7 ரகங்களில் ஆண்மரத் தொல்லை இல்லை. ரெட் லேடி பழத்தின் விதையை எடுத்து விதைப்பவர்கள் அதே பழத்தை எதிர்பார்க்க வேண்டாம். அது வீரிய ஒட்டு ரகம், அடுத்த தலைமுறை கலந்துகட்டியாக வரும். பப்பாளி வேர் ஒரே நாள் நீரில் நின்றாலும் அழுகும். மேட்டில்தான் நட வேண்டும்.

16. ஜன்னல் கம்பி சும்மா இருக்கிறதென்றால் மஞ்சள் பாஷன் ஃப்ரூட்டை ஏற்றிவிடுங்கள். மரமல்ல, கொடிதான், ஆனாலும் பப்பாளியைப் போல இதுவும் ஒரு வருடத்துக்குள் பூத்துவிடும். வெவ்வேறு பழத்தின் விதையிலிருந்து இரண்டு கொடி வையுங்கள், தன் மகரந்தத்தில் தானே காய்க்காது. ஊதா ரகம் மலைக்குரியது, நமக்கு வேண்டாம்.

17. தேங்காய்க்கும் பலாவுக்கும் வீட்டுக்குள் நீண்ட நாள் இடம் கொடுக்காதீர்கள். தேங்காய் கட்டிலடியில் கிடந்தாலும் முளைக்கும். முளைத்ததைத் தேங்காய்ப்பூவுக்காக உடைக்காமல் இருப்பதுதான் பெரிய சவால். பலாவை நாலு இலைக்குள் வெளியே நட்டுவிட வேண்டும்.

18. கூன்ஃபல் சாற்றின் ரத்தச் சிவப்பைப் பார்த்து ஆசைப்படாதவர் குறைவு. அது காட்டுக்கொடி, ஆண் பெண் கொடிகள் வேறு வேறு, ஏறுவதற்குப் பெரிய மரம் வேண்டும். சட்டியில் முளைக்கவைக்கலாம், சட்டியில் வைத்திருக்க முடியாது. நாலைந்து கன்றாக வேலியோர மரத்தடியில் விடுங்கள்.

19. ஆப்பிள், பேரிக்காய் விதை வேண்டவே வேண்டாம். முளைத்தாலும் குளிர்காலம் இல்லாத ஊரில் உருப்படாது.

20. சட்டிக்கடித் தட்டில் நிற்கும் தண்ணீர் டெங்குக் கொசுவுக்குப் பிள்ளைப்பேற்று அறை. கொட்டினால் மட்டும் போதாது, முட்டை தட்டின் விளிம்பில் ஒட்டியிருக்கும். தட்டு இல்லாமல் முடியாதென்றால் வாரம் ஒரு முறை நாரால் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவையுங்கள். மூங்கில் கணுவின் மேல் பள்ளத்தில் நீர் தேங்கினாலும் இதே கதைதான்.

21. ஆப்பிரிக்க நத்தையை ஜப்பானியர் 1942 முதல் 1945 வரை தீவைப் பிடித்திருந்த காலத்து வரவு என்பார்கள். யார் கொண்டுவந்தாலும், ஒரே இரவில் ஒரு வரிசை நாற்றைக் காலிசெய்யும். மழைநாளில் இரவு எட்டுக்கு மேல் டார்ச்சோடு பார்த்து, கையில் பிளாஸ்டிக் உறை மாட்டிப் பொறுக்குங்கள். அதன் சளியில் மூளையைத் தாக்கும் புழு இருக்கக்கூடும், வெறுங்கையால் தொடக் கூடாது. பொறுக்கினதை உப்புக்கரைசல் வாளியில் போடுங்கள். உப்பைச் சட்டியைச் சுற்றித் தூவினால் நத்தையோடு கன்றும் போகும். சட்டிக்கு அடியில், பலகை இடுக்கில் மிளகு பருமனில் வெளிர்மஞ்சள் முட்டைக் குவியல் இருந்தால் நசுக்கிவிடுங்கள். அது நூறு நத்தையைப் பொறுக்கியதற்குச் சமம்.

22. எறும்பு வரிசை தண்டில் ஏறினால் மேலே மாவுப்பூச்சி இருக்கிறது. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். மீண்டும் வந்தால் லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்பு, சாயங்காலத்தில் தெளிக்க வேண்டும்.

23. உண்மையான இலை நாலு வந்த பிறகே உரம். விதைக்குள் இருக்கும் உணவு அதுவரை போதும். மீன் அமிலம் செய்பவர்கள் லிட்டருக்கு இரண்டு மூன்று மில்லிக்கு மேல் போக வேண்டாம். மீன் கழுவிய பச்சைத் தண்ணீரை ஊற்றினால் எலியும் பூனையும் சட்டியைக் கிளறிவிடும்.

24. வறட்சி மாதங்களில் அரிசி கழுவிய தண்ணீர், காய்கறி அலசிய தண்ணீர் இரண்டும் கன்றுக்கு ஆகும். பாத்திரம் விளக்கிய தண்ணீர் ஆகாது. மேல்மண்ணைத் தேங்காய் நாரால் மூடுங்கள். ஒரு தடவை ஊற்றினது நாலு நாள் நிற்கும்.

25. வெளியில் நடுவதற்கு ஜூன் நல்ல மாதம். நேரடியாக மழையில் வைக்காமல் முதலில் இரண்டு வாரம் மரநிழலில் பழக்குங்கள். நம் களிமண்ணில் குழி வெட்டி நட்டால் குழியே குட்டையாகும். ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு கூட்டி அதன் உச்சியில் நடுங்கள். மங்குஸ்தானுக்கு மேற்குப் பக்கம் தென்னங்கீற்று நிழல் இரண்டு வருடம் வேண்டும். மாவுக்கும் பலாவுக்கும் முப்பதடி இடைவெளி. இன்றைக்கு இடம் வீணாகிறதே என்று தோன்றும், நெருக்கி நட்டுவிடாதீர்கள்.

26. வேலி இல்லாமல் நட்டால் புள்ளிமானுக்கு விருந்து. பிரிட்டிஷார் கொண்டுவந்து விட்ட மான், தின்ன இங்கே புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை; தளிர் என்றால் விடாது. அது சட்டப்படி காக்கப்படும் விலங்கு, கண்ணி வைத்தால் வழக்கு வரும். பழைய மீன்வலையை ஆளுயரத்துக்கு நாலு மூங்கிலில் கட்டுங்கள். வலையின் அடிப்பகுதியை மண்ணில் புதைக்க மறந்தால் மூக்கை நுழைத்துத் தூக்கிவிடும்.